பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் சமுதாயக் கூடத்தில் நடந்த கலந்துரையாடலில், மோட்டார் காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



செயலாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “சார், நம்ம வளாகத்துல ஏழெட்டுக் குடும்பம் செடான் வாங்கப் பார்க்கிறாங்க. சிட்டியா, வெர்னாவா, ஸ்லாவியாவா, விர்டஸா? எது நல்லதுன்னு சொல்லிடுங்க.” அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: நான்கும் நல்ல கார்தான். இத்தோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் காபி இன்னும் வரவில்லை என்பதால் கொஞ்சம் பேசுகிறேன்.

எந்த ஷோரூமோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. முப்பது வருடம் அடிபட்ட காரையும் தண்ணீரில் முங்கிய காரையும் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்த வேலை ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. ஒரு கார் நல்ல காரா என்பது வேறு, அது அந்த வீட்டுக்கு ஏற்ற காரா என்பது வேறு. முதல் கேள்விக்கு யூடியூபில் ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்கு உங்கள் வீட்டில் மட்டும்தான் பதில் இருக்கிறது.

அந்தப் பதிலைத் தேட நான் சொல்லும் வழி ஒன்றுதான்: ஓட்டுகிறவரிடம் கேட்பதற்கு முன்னால் பின் சீட்டில் உட்காரப் போகிறவரிடம் கேளுங்கள். செடான் என்பதே பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் வாங்குகிற கார். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இதைவிட விலை குறைந்த ஹேட்ச்பேக் போதும். உயரமாக உட்கார்ந்து போக வேண்டும் என்றால் எஸ்யூவி இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முடிவு செய்கிறவர் ஓட்டுகிறவர்தான். டெஸ்ட் டிரைவுக்கும் அவர் மட்டும்தான் போகிறார்.

நால்வர் அறிமுகம்

நம் சந்தையில் இந்த வகையில் பழைய பெயர் ஹோண்டா சிட்டி. 1998ல் வந்தது. இப்போது ஓடுவது ஐந்தாம் தலைமுறை, 2020ல் வந்தது. ஸ்கோடா ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வேகன் விர்டஸும் 2022ல் வந்தவை. வெளித்தோற்றம் வேறாக இருந்தாலும் அடித்தளம், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்று. இரண்டும் புனே அருகே சாக்கனில் தயாராகின்றன. ஹூண்டாய் வெர்னாவின் இப்போதைய தலைமுறை 2023 மார்ச்சில் வந்தது. அது நம் ஊர்க்காரர், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. மாருதி சியாஸ் 2014ல் வந்து, 2025ல் விற்பனையை முடித்துக்கொண்டது. இனி அது பழைய கார் சந்தையில்தான்.

அளவுகளில் நான்கும் பங்காளிகள் மாதிரி. நீளம் 4,535 மி.மீ. முதல் சுமார் 4,580 வரை. அகலம் 1,750 மி.மீ. சுற்றுவட்டாரத்தில். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சிட்டியில் 2,600, ஸ்லாவியா, விர்டஸில் 2,651, வெர்னாவில் 2,670. டிக்கி சிட்டியில் 506 லிட்டர், ஸ்லாவியா, விர்டஸில் 521, வெர்னாவில் 528. அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 22 லிட்டர், அதாவது நம் வீட்டுக்கு வருகிற ஒரு தண்ணீர் கேன். இதை வைத்துக்கொண்டா ஒரு கார் வாங்குவது? ஆனால் ஒப்பீட்டுப் பட்டியலில் இதற்கும் ஒரு டிக் போட்டு ‘வெற்றி’ என்று எழுதியிருப்பார்கள்.

பின் சீட்டைச் சோதிப்பது எப்படி?

நம் வளாகத்திலேயே ஒரு வீடு. பெயர் வேண்டாம். புது கார் வந்து ஆறு மாதம் ஆகிறது. அந்த வீட்டுப் பாட்டி இன்றும் கோயிலுக்கு ஆட்டோவில்தான் போகிறார். மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தாழ்வான சீட்டிலிருந்து எழ அவருக்கு ஒரு கை வேண்டும். கதவின் மேல்பக்கம் சரிந்து வருவதால் தலையை வேறு குனிய வேண்டும். காரில் எந்தக் குறையும் இல்லை, நல்ல கார்தான். வாங்கும்போது அவரை யாரும் அழைத்துப் போகவில்லை, அவ்வளவுதான். பல லட்சம் போட்டு வாங்கிய கார், அதில் அதிகம் போக வேண்டியவருக்குப் பயன்படவில்லை.

அதனால் ஷோரூமுக்கு எல்லோரும் போங்கள். அப்பாவை முன் சீட்டிலும் பின் சீட்டிலும் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோருக்கும் சுலபம்தான், விற்பனையாளர் கதவைப் பிடித்துக்கொள்வார். மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பாருங்கள். அதில் பதில் இருக்கும்.

இனி நான் சொல்வது நான்கிலும் உட்கார்ந்து பார்த்த என் சொந்த அபிப்பிராயம். சிட்டியின் பின் சீட் வயதானவர்களுக்கு இதமானது. மூன்று பேர் உட்கார வேண்டும் என்றாலும் மற்றவற்றைவிடப் பரவாயில்லை. வெர்னாவில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் பின்னால் கூரை சரிந்து இறங்குகிறது, அதன் மொத்த உயரமே 1,475 மி.மீ.தான். ஆறடி உயரமுள்ள பையன் இருக்கும் வீடு என்றால் அவனை உட்காரவைத்துப் பாருங்கள். ஸ்லாவியாவும் விர்டஸும் 1,507 மி.மீ. உயரம். பின்னால் இரண்டு பேருக்கு ராஜ உபசாரம், நடுவில் மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் காலை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தரையின் நடுவே மேடு அப்படி.

இந்த மூன்றாவது ஆள் யார் என்று யோசியுங்கள். வருஷத்தில் இரண்டு முறை ஊரிலிருந்து வரும் மாமாவா, தினமும் பள்ளிக்குப் போகும் மூன்றாவது குழந்தையா? மாமா என்றால் கவலையில்லை, மாமா பொறுத்துக்கொள்வார். குழந்தை என்றால் அந்தக் காரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வீட்டில் மடக்கும் சக்கர நாற்காலியோ வாக்கரோ இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். டிக்கி எத்தனை லிட்டர் என்பதைவிட வாய் எவ்வளவு அகலம், விளிம்பு எவ்வளவு உயரம் என்பதுதான் அங்கே முக்கியம். கூச்சப்படாதீர்கள். பணம் கொடுக்கப் போவது நீங்கள்.

கார் எங்கே தூங்கப் போகிறது?

நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு கட்டம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். 1.75 மீட்டர் அகலக் காரைச் சரியாக நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் சுமார் 37 சென்டிமீட்டர் மிஞ்சும். அந்த இடத்தில் கதவைத் திறந்து ஒரு பெரியவர் இறங்க முடியாது. தூண் ஓரக் கட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பெரியவர்களை லிஃப்ட் வாசலில் இறக்கிவிட்டுப் பிறகு வண்டியை உள்ளே விடுகிற பழக்கம் வேண்டும். அதற்கு லிஃப்ட் வாசலை யாரும் பைக் வைத்து அடைக்காமல் இருக்க வேண்டும். இது கார் ஆலோசனை இல்லை, சங்க உறுப்பினராக என் கோரிக்கை.

நீளத்தில் சுமார் 45 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. சுவர்ப் பக்கம் டிக்கியை வைத்து நிறுத்தினால் சாமான் இறக்க ஒவ்வொரு தடவையும் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் கட்டத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அடுத்தது நம் சரிவுப்பாதையும் வெளியே இருக்கிற வேகத்தடைகளும். ஸ்லாவியா, விர்டஸ் இரண்டும் தரையிலிருந்து 179 மி.மீ. உயரம், காலியாக இருக்கும்போது. மற்ற இரண்டும் 165 அளவில். ஐந்து பேர் ஏறி டிக்கியும் நிறைந்தால் எந்தக் காரானாலும் இறங்கத்தான் செய்யும். டெஸ்ட் டிரைவ் காரை வீட்டுக்கு வரவழைக்க முடியும். வரவழைத்து, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு நம் சரிவில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். அடியில் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

எஞ்சினும் கியரும்

எஞ்சின் விஷயத்தில் இரண்டு கட்சி. ஒன்று சாதாரண பெட்ரோல் எஞ்சின்: சிட்டியில் 1.5 லிட்டர், 121 பிஎஸ், வெர்னாவில் 1.5 லிட்டர், 115 பிஎஸ். அமைதியானது, நிதானமானது, நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழகியது. இன்னொன்று டர்போ: ஸ்லாவியா, விர்டஸில் 1 லிட்டர் 115 பிஎஸ், 1.5 லிட்டர் 150 பிஎஸ், வெர்னாவில் 1.5 லிட்டர் 160 பிஎஸ். திருச்சி நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது டர்போவின் சுகம் தெரியும். வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் நிற்கும்போது 160ம் ஒன்றுதான், 115ம் ஒன்றுதான்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே பெயர், உள்ளே மூன்று ஜாதி. சிட்டியிலும் வெர்னாவின் சாதாரண எஞ்சினிலும் இருப்பது சிவிடி வகை. வெர்னாவில் அதை ஐவிடி என்பார்கள். பெல்ட்டோ சங்கிலியோ வைத்து விகிதத்தை நழுவவிட்டு மாற்றும், குலுக்கலே இருக்காது. திடீரென்று அழுத்தினால் எஞ்சின் சத்தம் முந்தும், வண்டி பிந்தும். ஸ்லாவியா, விர்டஸ் 1 லிட்டரில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வகை, 6 கியர். எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் ஊர்ந்து போகும் நெரிசலைத் தாங்கும். 1.5 லிட்டர் டர்போக்களில் இருப்பது இரட்டைக் கிளட்ச் வகை, 7 கியர். கியர் மாற்றும் வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உழைப்பதால் சூடாகும். தினமும் ஓஎம்ஆரில் காலையும் மாலையும் ஊர்கிறவர்கள் முதல் இரண்டு வகையைப் பாருங்கள். வாரக்கடைசியில் ஊருக்குப் போகிறவர்கள் மூன்றாவதைத் தாராளமாக எடுக்கலாம்.

மைலேஜ் கணக்கு, ஹைபிரிட் கணக்கு

விளம்பரத்தில் வரும் மைலேஜ் சோதனைக்கூடத்து மைலேஜ். நான்கு காரையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட அது உதவும், உங்கள் பெட்ரோல் பில்லைக் கணிக்க உதவாது. நகர நெரிசலில் ஏசி போட்டு ஓடும் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு லிட்டருக்கு 12 என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

சிட்டியில் ஹைபிரிட் ஒன்று உண்டு. நிறுவனம் சொல்லும் மைலேஜ் 26க்கு மேல். நெரிசலில்தான் அதன் திறமை வெளிப்படும், மெதுவாகப் போகும்போது மோட்டாரிலேயே நிறைய ஓடுகிறது. ஆனால் பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கி கணிசமாகச் சுருங்கும். விலையும் கூட. கூடுதல் விலையை எடுக்க முடியுமா? ஒரு கணக்குப் போடுவோம். ஹைபிரிட் லிட்டருக்கு 20, சாதாரணம் 12, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், விலை வித்தியாசம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருஷம் 9,600 கிலோமீட்டர். சாதாரணக் காரில் பெட்ரோல் செலவு 80,000, ஹைபிரிட்டில் 48,000. மிச்சம் 32,000. மூன்று லட்சத்தை எடுக்க ஒன்பது வருஷத்துக்கு மேலாகும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் வருஷம் 80,000. நாலு வருஷத்துக்குள் எடுத்துவிடலாம். ஒரே கார்தான். ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு ஆசை. ஆசைக்கு வாங்குவது தப்பில்லை. லாபம் என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள். உங்கள் இப்போதைய வண்டியின் ஓடோமீட்டரைப் பார்த்து, வயதால் வகுத்து, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலைக்கு மேல் விலை

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது எல்லோருக்கும் தெரியும். சின்ன கார்களுக்கு 18 சதவீதம் ஆனது. சின்ன கார் என்றால் பெட்ரோலில் 1,200 சிசிக்குள், நீளம் 4 மீட்டருக்குள். இரண்டு நிபந்தனையும் பொருந்த வேண்டும். நம் நால்வரும் நாலரை மீட்டர். அதனால் 1 லிட்டர் எஞ்சின் உள்ள ஸ்லாவியாவுக்கும் 40 சதவீதம்தான். முன்பு 28 சதவீதமும் 17 சதவீத செஸ்ஸும் சேர்த்து 45 இருந்தது, அதைவிடக் குறைவு என்று ஆறுதல் அடையலாம்.

10 லட்சம் அடக்கமுள்ள கார் என்று வையுங்கள். 40 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஷோரூம் விலை 14 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய ஆயுள் வரியில் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 14 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 2 லட்சத்து 52 ஆயிரம். 10 லட்சம் காருக்கு வரி மட்டும் ஆறரை லட்சம். இதன்மேல் இன்சூரன்ஸ், பதிவுச் செலவு. அதனால் ‘இன்னும் ஒரு லட்சம்தான் சார், சன்ரூஃப் கிடைக்கும்’ என்று சொல்லும்போது அது ஒரு லட்சத்து 18 ஆயிரம் என்று மனதில் திருத்திக்கொள்ளுங்கள். 10 லட்சத்தையோ 20 லட்சத்தையோ ஒட்டிய மாடல் என்றால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கோட்டைத் தாண்டினால் வரி விகிதமே மாறும்.

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது செலவு இல்லை, உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகக் காட்டித் திரும்பப் பெறலாம். பலர் மறந்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போனால் ஷோரூமிலும் குறையும்.

கடன் வாங்குபவர்களுக்கு: 10 லட்சம், 9 சதவீத வட்டி. 5 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 20,760, மொத்த வட்டி இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 7 வருஷம் என்றால் தவணை சுமார் 16,090, மொத்த வட்டி மூன்றரை லட்சம். தவணையைக் காட்டித்தான் மேல் வேரியன்ட்டை விற்பார்கள். நீங்கள் மொத்தத்தைப் பாருங்கள்.

பாதுகாப்பு

நான்கிலும் இப்போது எல்லா வேரியன்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் வருகிறது. நல்ல முன்னேற்றம். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஸ்லாவியா, விர்டஸ், வெர்னா மூன்றும் ஐந்து நட்சத்திரம். ஆனால் நட்சத்திரத்தோடு நிற்காமல் அறிக்கையைப் படியுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஸ்லாவியா, விர்டஸ் 34க்கு 29.71, வெர்னா 28.18. மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முன்னவற்றின் உடற்கூடு நிலையானது என்றும், வெர்னாவின் உடற்கூடு நிலையற்றது என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது அந்தச் சோதனையைவிடப் பெரிய மோதலைத் தாங்க மிச்சம் இல்லை என்று பொருள். இப்போதைய சிட்டி 2020ல் ஆசியான் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அது தென்கிழக்கு ஆசியச் சந்தைக் காரை, வேறு முறையில் சோதித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

இதெல்லாம் பெல்ட் போட்டவருக்குத்தான். என் வேலையில் நான் பார்த்த சங்கடமான காட்சி, முன்பக்கம் ஏர்பேக் விரிந்து காப்பாற்றியிருக்கும், பின் சீட்டில் பெல்ட் கிளிப் உறைக்குள் அப்படியே மடித்து வைத்திருக்கும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை சொன்னது. அது விலை உயர்ந்த கார். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், அபராதம் 1,000 ரூபாய். அபராதத்துக்குப் பயந்து போடச் சொல்லவில்லை. மோதலில் பின்னால் பெல்ட் போடாதவர் முன்னால் இருப்பவர் மீதே வந்து விழுவார். அதனால் ஷோரூமில் பாட்டியை ஏறச் சொல்லும்போது, பெல்ட்டையும் அவரே எடுத்துப் போட முடிகிறதா என்று பாருங்கள். சீட் உறை போடும்போது பெல்ட் கொக்கியை மூடிவிடாதீர்கள். சிறு குழந்தை இருந்தால் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் குழந்தை சீட்டை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மழை

நம் பகுதிக்கு இது இல்லாமல் கார் பேச்சே இல்லை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் நமக்கு நினைவிருக்கும். மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுவதைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. நான் சிரிக்க மாட்டேன். அப்படி நிறுத்திய காருக்கு மதிப்பீட்டாளர் வர வேண்டிய வேலையே இல்லை.

செடான் தாழ்வான கார். அதனால் பாலிசியில் மூன்று வார்த்தையைத் தேடுங்கள். ஒன்று, எஞ்சின் பாதுகாப்பு. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால் சாதாரண முழு பாலிசி அதற்குத் தராது. இந்தக் கூடுதல் பாதுகாப்பு இருந்தால்தான் உண்டு. இரண்டு, தேய்மானக் கழிவில்லாத பாலிசி. மூன்று, இன்வாய்ஸ் விலை திரும்பக் கிடைக்கும் பாதுகாப்பு. காரின் காப்பீட்டு மதிப்பு மூன்றாவது வருஷத்தில் 30 சதவீதம் கழித்துத்தான் கணக்கிடப்படும். முழுதாக மூழ்கிப் போனால் அந்த மதிப்புதான் வரும், கட்டிய ஆயுள் வரியும் வராது. இன்வாய்ஸ் பாதுகாப்பு அந்தப் பள்ளத்தை மூடும்.

பிரீமியத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு, அதற்குக் காசு இல்லை. தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள், பட்டனை அழுத்தாதீர்கள். ‘ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்க்கலாமே’ என்கிற அந்த ஒரு தடவைதான் லட்சக்கணக்கில் போகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டிக்குக் காத்திருங்கள். ஹைபிரிட் என்றால் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம், தொடாமல் சர்வீஸ் ஆட்களுக்காகக் காத்திருங்கள்.

கேட்ட கேள்விகளில் இரண்டு

“சார், சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள். எதை வாங்கலாம், ஒரு பெயர் சொல்லுங்கள்” என்று பி பிளாக் தம்பி கேட்டார். சரி, சொல்கிறேன். வயதான பெற்றோர், நகருக்குள் ஓட்டம், அமைதியான ஓட்டுநர் என்றால் சிட்டி சிவிடி. அதே வீட்டில் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் ஹைபிரிட், டிக்கி போதும் என்றால். பின்னால் இரண்டு பேர், அடிக்கடி மதுரை, கோவை, மேடுபள்ளச் சாலை, உடற்கூட்டு உறுதி முக்கியம் என்றால் ஸ்லாவியா அல்லது விர்டஸ். இந்த இரண்டில் எதை என்றால், நம் பக்கத்தில் எந்த சர்வீஸ் சென்டர் அருகில் இருக்கிறதோ அதை. பின்னால் கால் நீட்டும் இடம், வசதிகள், பரவலான சர்வீஸ் வேண்டும், யாரும் ஆறடி இல்லை என்றால் வெர்னா. இதைக் கேட்டுவிட்டு நேராகப் போய் முன்பணம் கட்டாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை ஏற்றிப் பார்த்துவிட்டு, என் கருத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

“செடானுக்கு இனி எதிர்காலம் இருக்கிறதா? எல்லோரும் எஸ்யூவிக்குப் போகிறார்களே” என்று ஓர் அம்மா கேட்டார். போகிறார்கள், உண்மைதான். செடானுக்கு விற்பனை குறைவு. மாடலை நிறுத்தினாலும் உதிரிபாகம் பல வருஷம் கிடைக்கும். 2021ல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனாலும் நம் பார்க்கிங்கில் இரண்டு ஃபோர்டு கார்கள் இன்றும் ஓடுகின்றன. மறுவிற்பனை விலை கொஞ்சம் அடிவாங்கலாம். பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்தில் மாற்றுகிறவர்கள் எடுக்கத்தான் வேண்டும். அதே காரணத்தால் இரண்டு மூன்று வருஷம் ஓடிய நல்ல செடான் இன்று நியாயமான விலையில் கிடைக்கிறது. ஆயுள் வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார் என்பது உங்களுக்கு லாபம். அப்படி வாங்கினால் ஒன்று: சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பகுதியைப் பாருங்கள், ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியைப் பாருங்கள். சேற்றுக் கோடோ மண்ணோ இருந்தால் அந்தக் கார் நீந்தியிருக்கிறது. மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

காபி வந்துவிட்டது. யாராவது பழைய காரோ புது காரோ பார்க்கப் போகும்போது கூட ஒரு ஆள் வேண்டும் என்றால், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். ஒரே நிபந்தனை: வண்டியில் உங்கள் அம்மாவும் வர வேண்டும். நான் முன் சீட்டில் உட்கார மாட்டேன், அவர் பக்கத்தில் பின்னால் உட்காருகிறேன்.